எந்த ஆகட்டும்?

ஸ்பிரிட் கம் வாசனை உனக்கு நினைவிருக்கிறதா? ஒட்டுமீசைக்குத் தடவுகிற பசை. மூக்கில் ஏறினால் அன்று முழுக்க இறங்காது. வியாழக்கிழமை நாம் படித்த கல்லூரியில் ஒத்திகை அறைக்குள் நுழைந்ததும் முதலில் அதுதான் முகத்தில் அடித்தது. ஒரு பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டுக்கு மேலே அதைத் தடவிக்கொண்டு, "எரியுது மேம்" என்று முகத்தைச் சுளித்தாள். எரியத்தான் செய்யும் என்றேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டு விழா நாடகம் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வரமாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அதனால் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இறங்கிவிடுகிறேன்.

அதே நாடகம்தான். நீ மகளாகவும் நான் மீசை வைத்த அப்பாவாகவும் நடித்த அந்தப் பழைய சோக நாடகம். பெண்கள் கல்லூரியில் யாராவது ஒருத்தி அப்பாவாகத்தானே வேண்டும்? உயரமாக இருந்த குற்றத்துக்கு நான் அகப்பட்டேன். அன்றிலிருந்து நீ என்னை அப்பா என்று கூப்பிட்டுக் கேலி செய்தாய். விவரம் தெரியாத வயதில் உன் மகன் என்னைத் தாத்தா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் போன பிறகுதான் பெரியம்மா ஆனேன்.

அன்று சாயங்காலம் அவன் போன் செய்தான். "ஞாயித்துக்கிழம வாரேன் பெரியம்மா. ஒண்ணு கேக்கணும். போன்ல வேண்டாம்." என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். உன் பதினாறாம் நாள் காரியத்தன்றே கேட்க வந்து, ஆட்கள் இருந்ததால் விழுங்கிக்கொண்டான். மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷனுக்கு நீ "ஆகட்டும்" என்றாயே, அது மனதாரச் சொன்னதா, அவன் கேட்டானே என்று சொன்னதா? அந்த ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை. சொன்ன நேரத்தில் அறையில் இருந்தது நாம் மூன்று பேர். அவன் கேட்டவன். நீ போய்விட்டாய். சாட்சிக்கு மிச்சம் நான்தான்.

நான் என்ன சொல்லட்டும்? அவனிடம் எதையாவது சொல்லிவைப்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டுவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பதில் வராது என்று தெரிந்தும் கேட்பது ஒரு பழக்கம். முப்பது வருடம் வகுப்பில் அதைத்தானே செய்தேன்.

கதை உனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், பதில் அதற்குள் எங்கேயாவது கிடக்கிறதா என்று. இரண்டு கோட்டை, நடுவே ஒரு கண்மாய். தண்ணீருக்கு அடித்துக்கொண்டு களைத்துப்போய் இரு தரப்பும் ஒப்பந்தம் போடுகிறார்கள். மீறமாட்டேன் என்பதற்குப் பிணையாக, ஒரு கோட்டையின் தலைவர் தன் பதினைந்து வயது மகளை எதிரி வீட்டில் போய் இருக்கச் சொல்கிறார். ஆடிக்கொண்டிருந்த கழற்சிக்காய்களை மடியில் முடிந்துகொண்டு அவள் "ஆகட்டும் அப்பா" என்கிறாள். முதல் அங்கம் அவ்வளவுதான். எதிரி வீட்டில் அவளுக்கு வேலை ஏவுகிறார்கள், எங்கள் வழக்கப்படி உடுத்து என்கிறார்கள், எங்கள் பையனையே கட்டிக்கொள் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்" என்கிறாள், ஒன்றையும் செய்வதில்லை. கடைசியில் அப்பாவே வாக்கை மீறிக் கண்மாய்க் கரையை வெட்டிவிடுகிறார். இனிப் பிணையின் உயிர் போகவேண்டும். மனம் கேட்காமல் அவரே மாறுவேடத்தில் அவளைக் கூட்டிப்போக வருகிறார். அவள் மறுக்கிறாள். நீங்கள் கொடுத்த வாக்கை நம் வீட்டில் ஒருவராவது காப்பாற்ற வேண்டாமா என்கிறாள். கெஞ்சுகிறார், அழுகிறார், காவலாளிகளின் காலடி கேட்கிறது. அப்போது அவர் மகளிடம் கேட்கிறார்: "நான் போகட்டுமா?" அவள் சொல்கிறாள்: "ஆகட்டும்." திரை விழுகிறது.

நாடகம் பாடத்திலும் இருந்ததே, 'கதைத்தலைவியின் வளர்ச்சியை ஆராய்க' என்று ஒரு பரீட்சைக் கேள்வி. நாம் படித்த காலத்திலிருந்து நான் விடைத்தாள் திருத்திய காலம் வரை அதற்கு ஒரே பதில்தான். பேதையாகத் தொடங்கி, பொறுமையில் முதிர்ந்து, தியாகத்தில் நிறைவு பெறுகிறாள். எந்த நோட்ஸ் போட்ட புண்ணியவானோ எழுதியது. கட்டுக்கட்டாக அதையே வாசித்து எனக்குக் கண் எரியும். நீ பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் ஆனதால் அந்தக் கொடுமையிலிருந்து தப்பினாய். சொன்னால் சிரிப்பாய். "ஆராய்கன்னு கேட்டா, நோட்ஸ ஆறவச்சுக் குடுக்காளுவ."

உன் பதில் வேறு. அதை நீ எங்கேயும் எழுதவில்லை, பஸ்ஸில் என்னிடம்தான் சொன்னாய். படிக்கிற காலத்தில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. "ஏட்டி, மூணு எடத்திலயும் ஒரே சொல்லுதான். ஆனா மூணும் வேற. மொதோ ஆகட்டும், அடங்கினவ சொல்றது. ரெண்டாவது நம்ம ஊர் ஆகட்டும், பொறவு பாப்போம்னு அர்த்தம், நடக்காதுன்னு அர்த்தம். மூணாவது ராஜா சொல்ற ஆகட்டும். அப்பன் விடை கேக்கான், இவ விடை குடுக்கா. சொல்லு மாறல. அவ நின்ன எடம் மாறிருச்சு." அதோடு விட்டாயா? "மொத அங்கத்தில ஆகட்டும் அப்பாங்கா. கடைசில அப்பாவக் காணோம் பாத்தியா? வெறும் ஆகட்டும்" என்று என் கையைத் தட்டினாய். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "எந்தப் பிள்ளைமா அது, சொந்தமா?" என்று கேட்டாள்.

நீ சொன்னது சரி என்று மேடையில் நிரூபித்தது என் மீசை. நான் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன். வியர்வையில் பசை விட்டுப்போய், "நான் போகட்டுமா" என்கிற இடத்தில் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மறைக்க வழியில்லாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தேன். நீ என் தலைக்கு மேலாகப் பார்த்து "ஆகட்டும்" என்றாய். அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. தகப்பன் மகள் முன்னால் குனிந்து அழுகிறான் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நமக்கு நாடகம் பழக்கிய மேடம் என் முதுகில் தட்டி, குற்றவுணர்ச்சியை அற்புதமாகக் காட்டினாய் என்றார்கள். நீ திரைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும் சொன்னாய். "ஆனா அதுதாம்ட்டி சரி. அவ வளந்தது அவ மேல தெரியல. நீ குனிஞ்சதுலதான் தெரிஞ்சுது." ஒரு கதாபாத்திரத்தின் வளர்ச்சியை எதிரே நிற்கிறவரின் உடம்பில் பார்க்கவேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளில் நான் சொல்லியிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல்.

அந்த வருடம்தானே உன் வீட்டுக் கூத்தும் நடந்தது. உன் அப்பா தறி ஷெட்டில் பேண்டேஜ் துணி ஓட்டிக்கொண்டிருந்தார். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வரன், பையன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று சொல்லி உன்னிடம் கேட்டார். நீ "ஆகட்டும்ப்பா" என்றாய். உனக்கு டிகிரி முடித்துவிட்டு பி.எட். படிக்க வேண்டும். பொறவு பாப்போம் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னாய். ஊரில் யார் கேட்டாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். பெற்ற தகப்பனுக்கு மட்டும் புரியவில்லை. மகள் சம்மதித்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தட்டு தாம்பூலத்தோடு அவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் உனக்கே தெரியும்.

நான் அன்று உன் வீட்டில் இருந்தேன். உனக்குத் தலை பின்னிவிடத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நீ பாதி பின்னலோடு எழுந்து முன் அறைக்குப் போனாய். நான் சீப்பும் கையுமாகப் பின்னாலேயே ஓடினேன். "அப்பா, நான் சரின்னு சொல்லலயே, ஆகட்டும்னுதான சொன்னேன்" என்றாய். உன் அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "ஏட்டி, ஆகட்டும்னா ஆகட்டும்தான? அதுல என்ன ரகம் ரகமா?" தறிக்காரர் வாயில் வேறென்ன வரும்? நீ அசையவில்லை. "ரகம் இருக்குப்பா. நான் சொன்னது பொறவு பாப்போம்ங்கிற ரகம்." மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார்கள். "எங்க ஊர்லயும் அப்படித்தான சொல்லுவோம். பிள்ளை சரியாத்தான் சொல்லிருக்கா. நாமதான் அவசரப்பட்டுட்டோம். படிக்கட்டும்." தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உன் அப்பா அதற்குப் பிறகு பல நாள் உன்னோடு பேசவில்லை. நீயும் பேசவைக்க முயலவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு.

பி.எட். முடித்த பிறகு அதே பையன் லீவில் வந்து அவனே நேரில் கேட்டான். நீ சொன்னாய். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, "சொல்லிட்டேன்ட்டி. மூணாவது ரகம்" என்றபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டில் கேட்டபோது நான் சொன்னது முதல் ரகம். குறை ஒன்றும் இல்லை, வாழ்க்கை நன்றாகத்தான் போயிற்று. ஆனால் நான் சொன்னபோது யாரும் குனியவில்லை.

அதனால்தானோ என்னவோ, அந்த நாடகத்துப் பெண் வளர்ந்தாள் என்பதை நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவள் ஓய்ந்துபோனவள். பதினைந்து வயதில் அனுப்பினார்கள், வந்த இடத்தில் ஏவினார்கள், அனுப்பியவனே ஏமாற்றினான். அவளுக்கு அலுத்துவிட்டது. மூன்றாவது ஆகட்டும் ராஜா சொல்வது அல்ல, போதும் என்று சொல்வது. நோட்ஸ்காரன் அதைத் தியாகம் என்கிறான், நீ அதை அதிகாரம் என்கிறாய், எனக்கு அது வெறும் அசதி. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஓஞ்சவளா இருந்தா அப்பன் பின்னால போயிருப்பா. கூடப் போறதுதான லேசு? நிக்கிறதுக்குத்தான தெம்பு வேணும்?" பல வருடம் பதில் இல்லாமலே உன்னோடு சண்டை போட்டேன். உன் வீட்டுக்காரர் தவறிப்போய், நீ தனியாக மகனை வளர்த்து, அவன் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர் ஆகிற வரைக்கும் அந்தச் சண்டை ஓடியது. அவன் கல்யாணப் பந்தியில்கூட இலையில் சாம்பாரைப் பாத்தி கட்டிக்கொண்டே அவளைப் பற்றித்தான் பேசினோம்.

இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஓய்ந்தவர்கள் நடக்கமாட்டார்கள். இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார்கள். இது எனக்கு இந்த வயதில், இந்த முழங்காலோடு தெரியவருகிறது. சொல்ல நீ இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அதைத் தள்ளித் தள்ளித்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். முதல் ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறாமல் கிடந்தாய். இன்னொன்று செய்யலாம், செய்யாமலும் பார்க்கலாம், நீங்கள் பேசி முடிவெடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உன் மகன் கட்டில் ஓரத்தில் நின்றான். "எம்மா, இன்னொரு தடவ பண்ணிருவோம். விட்டுட்டு உக்காந்திருக்க முடியல என்னால." பெரிய ஆள், மில்லில் நூறு பேரை ஏவுகிறவன், குரல் உடைந்துபோயிருந்தது. நீ அவன் பக்கம் தலையைத் திருப்பினாய். "ஆகட்டும்யா" என்றாய். அவன் உடனே கையெழுத்துப் போட வெளியே ஓடினான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "ஏட்டி, எந்த ஆகட்டும்?" என்று கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு மட்டும் சிரித்தது. "நீதான அப்பா. பாத்து மார்க் போடு" என்றாய். அவ்வளவுதான் நீ என்னிடம் பேசியது. அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

பார்த்து மார்க் போடு. எப்படிப் போடுவது? கண்ணாடி இல்லாவிட்டால் காதும் கேட்காது என்று சொல்கிறவள் நீ. யார் பேச வந்தாலும் தலையணைக்கு அடியில் கண்ணாடியைத் தேடுவாய். அன்று மகன் பேசும்போது அது மேஜைமேல் இருந்தது. எடுத்துத் தா என்று நீ கேட்கவில்லை. அதைப் பார்த்தால் ஓய்ந்துபோனவள் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த 'யா' இருக்கிறதே. ஓய்ந்துபோனவளுக்கு அந்த ஒற்றை எழுத்து எதற்கு? அதைச் சேர்ப்பதற்கு நீ எங்கிருந்தோ மூச்சை இழுத்துக்கொண்டு வந்தது போல இருந்தது. நாடகத்தில் அப்பா விடுபட்டுப் போனதுதான் வளர்ச்சி என்றால், நீ மகனைச் சேர்த்துக்கொண்டாயே, அது என்ன? இரண்டையும் தராசுத் தட்டில் வைத்து மாறி மாறிப் பார்க்கிறேன், முள் நடுவில் வந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. அலுப்பாக இருக்கிறது. உன்மேல் கோபமாகவும் இருக்கிறது. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் உனக்கு?

இதுவரை சனிக்கிழமை எழுதியது. இனி எழுதுவது ஞாயிறு சாயங்காலம். அவன் வந்து போய்விட்டான்.

ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான், தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டான். உட்கார்ந்தால் முதுகு கூனுகிறது, உன் அப்பாவைப் போல. "பெரியம்மா, அம்மா மனசாரத்தான் சொன்னாகளா? இல்ல நான் கெஞ்சினேன்னு சொன்னாகளா? எனக்குத் தூக்கமே இல்ல. நான்தான் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டேன்னு இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. இந்த மாதங்கள் முழுக்க நான் உன் சொல்லைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். கேட்டவன் என்ன ஆனான் என்று பார்க்கவில்லை.

"ஏலே, உங்கம்மாவுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லத் தெரியாதா?" என்றேன். "தட்டோட வந்த ஆளுகளயே பாதிப் பின்னலோட நின்னு திருப்பி அனுப்பினவ அவ. எங்கையில இருந்த சீப்பு சாட்சி." அந்தக் கதை அவனுக்குத் தெரியாதாம். நீ சொல்லவே இல்லையா? முழுதும் சொன்னேன், ரகம் ரகமா என்று உன் அப்பா கேட்டது வரைக்கும். சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் அழுகையாகி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் எழுந்துபோய் அவன் தலையில் இருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னேன். "நீ அன்னைக்கு ஆபரேஷனுக்கா கேட்ட? விட்டுட்டு உக்காந்திருக்க முடியலன்னு கேட்ட. அவ அதுக்குத்தான் ஆகட்டும்னா. உனக்கு விடை குடுத்தாய்யா. முழு மனசோட குடுத்தா. நான் பக்கத்தில நின்னேன், எனக்குத் தெரியும்."

அவன் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். முகம் கழுவிக்கொண்டான். போகும்போது வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்குத் தூங்குவேன்னு நெனைக்கேன் பெரியம்மா. வாரேன்" என்றான். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பொய் சொன்னேனா என்று கேட்காதே. நீதான் மார்க் போடச் சொன்னாய், போட்டுவிட்டேன். அவனுக்கு வேலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. நிச்சயமில்லாத ஒன்றை அவன் தலையில் ஏன் ஏற்றவேண்டும்? விடை கொடுத்த ஆகட்டும் அவனோடு போகட்டும். ஓய்ந்துபோன ஆகட்டும் என்னிடமே இருக்கட்டும்.